எம்ஆர்ஐ: கேட்காமல் வந்த வரம்

1980களின் பிற்பகுதி. தொண்ணூறை நெருங்கிய ஒரு முதியவரை, புற்றுநோய்ப் பரிசோதனைக்காக எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்தார்கள். படுக்கை மெல்ல நகர்ந்து குழாய்க்குள் போனதும், பளபளப்பான உட்சுவரில் தன் முகம் கோணல்மாணலாகத் தெரிவதை அவர் பார்த்தார். தன் வேலை இப்படி ஓர் இடத்தில் வந்து நிற்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை என்று பின்னர் சொன்னார். அவர் பெயர் இசிடோர் ராபி. அந்தக் கருவி எந்த நிகழ்வை நம்பி ஓடுகிறதோ, அதை 1938-ல் ஆய்வகத்தில் முதன்முதலாக அளந்து காட்டி, 1944-ல் அதற்காக இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். 1988 ஜனவரியில் காலமானார்.

இன்று எம்ஆர்ஐ என்பது நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் சொல். முதுகு வலி குறையவில்லையா, தலைசுற்றல் அடிக்கடி வருகிறதா, கபடி ஆடும்போது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டதா... "எதுக்கும் ஒரு எம்ஆர்ஐ பார்த்துடலாம்" என்கிறார் மருத்துவர். சில ஆயிரம் ரூபாய் கட்டி, நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, அரை மணி நேரம் அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்து வெளியே வருகிறோம். மறுநாள் கறுப்பு வெள்ளைப் படங்களாக நம் உடம்பின் உள்ளறைகள் கையில் வந்துசேர்கின்றன.

மருத்துவத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றான இந்தக் கருவியின் பிறப்பில் மருத்துவர்களின் பங்கு வியப்பளிக்கும் அளவுக்குக் குறைவு. உடம்புக்குள் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், அணுக்கரு எப்படி நடந்துகொள்கிறது, பாதரசத்தைக் குளிர்வித்தால் என்ன ஆகும், சூரிய ஒளியில் தெரியும் மஞ்சள் கோடு எது என்றெல்லாம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தவர்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்துப் போட்டவைதான் ஒன்றுசேர்ந்து எம்ஆர்ஐ ஆயின.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

நம் உடம்பில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். ஹைட்ரஜனின் கரு ஒற்றைப் புரோட்டான். அது ஒரு குட்டிக் காந்தமும்கூட. சாதாரண நேரத்தில் இந்தக் குட்டிக் காந்தங்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பலமான காந்தப் புலத்துக்குள் போனதும், புலத்தின் திசையை ஒட்டி நிற்பவை கொஞ்சம் கூடுகின்றன. வேகம் குறைந்த பம்பரம் தலையை ஆட்டி வட்டம் போடுமே, அதுபோல ஒவ்வொன்றும் அந்தத் திசையைச் சுற்றி வட்டமிடுகிறது.

மருத்துவமனைகளில் பெரும்பாலும் இருப்பது 1.5 டெஸ்லா வலிமை கொண்ட காந்தம். பூமியின் காந்தப் புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு பலமானது. அந்தப் புலத்தில் ஹைட்ரஜன் கருக்கள் நொடிக்கு சுமார் 6 கோடியே 40 லட்சம் முறை வட்டமிடும். வானொலி மொழியில் சொன்னால் 64 மெகாஹெர்ட்ஸ். எஃப்எம் நிலையங்கள் இருக்கும் அலைவரிசைக்குச் சற்றுக் கீழே. அதே அலைவரிசையில் ஒரு வானொலித் துடிப்பை அனுப்பினால் கருக்கள் அதை வாங்கிக்கொண்டு சாய்கின்றன. துடிப்பை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும்போது அவை வெளியிடும் மெல்லிய வானொலி அலையைத்தான் கருவி பிடிக்கிறது. கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜன் விரைவாகத் திரும்பும், நீர்மத்தில் இருப்பது மெதுவாகத் திரும்பும். நோயுற்ற திசுவும் நல்ல திசுவும் இந்த வேகத்தில் பெரும்பாலும் வேறுபடும். படத்தில் தெரியும் வெளுப்பும் கறுப்பும் இந்த வேறுபாடுதான்.

இதில் மலைக்க வைக்கும் சங்கதி ஒன்று உண்டு. புலத்தோடு சேர்ந்து நிற்பவையும் எதிர்த்து நிற்பவையும் கிட்டத்தட்டச் சரிசமம். 1.5 டெஸ்லாவில் கணக்கில் மிஞ்சுபவை 10 லட்சத்துக்கு ஐந்தே ஐந்து. அந்த ஐந்தின் முணுமுணுப்பை வைத்துத்தான் மூளைக்குள் மிளகு அளவில் இருக்கும் கட்டியைக் கண்டுபிடிக்கிறார்கள். உடம்பில் ஹைட்ரஜன் கொட்டிக்கிடப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் இரண்டிலும் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. காதைப் பிளக்கும் 'டங் டங்' சத்தம்தான் பாக்கி. இடத்துக்கு இடம் புலத்தை மாற்றுவதற்காகக் குழாயைச் சுற்றி வைத்திருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் நொடிக்குப் பலமுறை மாறி மாறிப் பாய்கிறது. பலத்த காந்தப் புலத்துக்குள் இருக்கும் அந்தச் சுருள்கள் அதிர்ந்து அலறுகின்றன. இயந்திரம் பழுது என்று பயப்பட வேண்டியதில்லை.

மட்டமான சுருட்டு

கதையின் தொடக்கத்தைத் தேடிப் போனால் 1922-ம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகருக்குப் போக வேண்டும். ஓட்டோ ஸ்டெர்ன், வால்டர் கெர்லாக் என்ற இரு இயற்பியலாளர்கள் வெள்ளி அணுக்களைக் கற்றையாக ஒரு காந்தப் புலத்தின் வழியே செலுத்திக் கண்ணாடித் தகட்டில் படிய வைத்தார்கள். தகட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டெர்ன் அருகில் வைத்துப் பார்த்தபோது கறுப்பாகத் தடம் எழுந்தது. ஸ்டெர்ன் பிற்காலத்தில் சொன்ன விளக்கம் சுவையானது. அப்போது அவருக்குச் சம்பளம் குறைவு. மட்டமான சுருட்டுதான் வாங்க முடிந்தது. அதில் கந்தகம் அதிகம். அவருடைய மூச்சுக்காற்றில் இருந்த கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைத்துவிட்டது! கதையில் கொஞ்சம் கைச்சரக்கு இருக்கலாம். கற்றை இரண்டாகப் பிரிந்ததும், அணுக்களின் காந்தத்தன்மைக்குக் குறிப்பிட்ட திசைகள் மட்டுமே உண்டு என்று நிரூபணமானதும் உண்மை.

அந்த ஸ்டெர்னிடம் ஹாம்பர்க்கில் பாடம் கற்று அமெரிக்கா திரும்பியவர்தான் ராபி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதே கற்றை முறையை மேம்படுத்தி, சரியான அலைவரிசையில் வானொலி அலையைப் பாய்ச்சினால் அணுக்கரு திசை மாறுவதை, அதாவது ஒத்ததிர்வை, 1938-ல் காட்டினார். அணுக்கருவின் காந்த வலிமையைத் துல்லியமாக அளப்பதுதான் அவருடைய ஒரே நோக்கம்.

பிறகு உலகப் போர். இயற்பியலாளர்களை எல்லாம் ரேடார் வேலைக்கு இழுத்துப் போட்டார்கள். எட்வர்ட் பர்செல், ஃபெலிக்ஸ் ப்ளாக் இருவரும் வானொலி அலைகளைக் கையாளும் வித்தையில் தேர்ந்தது அங்கேதான். போர் முடிந்த சூட்டோடு சூடாக, 1945 டிசம்பரில் ஹார்வர்டில் பர்செல் குழு சாதாரண மெழுகில் ஹைட்ரஜன் கருக்களின் ஒத்ததிர்வைப் பிடித்தது. சில வாரங்களில் ஸ்டான்ஃபோர்டில் ப்ளாக் குழு தண்ணீரில் பிடித்தது. இனி வெற்றிடமும் அணுக்கற்றையும் தேவையில்லை. ஒரு குடுவைத் தண்ணீரே போதும். இருவருக்கும் 1952-ல் நோபல். அதன்பின் கால் நூற்றாண்டு, இந்த உத்தி வேதியியலாளர்களின் சொத்து. புதிதாகச் செய்த மூலக்கூறின் அமைப்பைச் சரிபார்க்கும் கருவியாக அது ஆய்வகங்களில் உட்கார்ந்திருந்தது. மருத்துவமனைப் பக்கம் யாரும் அதைக் கொண்டுபோகவில்லை.

சாப்பாட்டுக் கடையில் உதித்த யோசனை

முதலில் கொண்டுபோக நினைத்தவர் ரேமண்ட் டமேடியன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த மருத்துவர். எலிகளின் புற்றுக்கட்டித் திசுவில் இருந்து வரும் ஒத்ததிர்வுச் சமிக்ஞை, நல்ல திசுவில் இருப்பதைவிட மெதுவாக அடங்குகிறது என்று 1971 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். புற்றுநோயை வெட்டாமல் கண்டுபிடிக்கலாம் என்ற கனவு அங்கே பிறந்தது. படம் எடுக்கும் வழி மட்டும் அதில் இல்லை. சமிக்ஞை வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் பால் லாடர்பர், வேதியியலாளர். டமேடியனின் சோதனையை வேறொருவர் பென்சில்வேனியாவில் மறுபடி செய்து பார்த்ததை அவர் உடனிருந்து கவனித்தார். எலிகளைக் கொன்று திசுவை எடுத்துச் சோதிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. 1971 செப்டம்பர் 2 மாலை, ஒரு சாப்பாட்டுக் கடையில் ஹாம்பர்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யோசனை வந்தது. காந்தப் புலம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதற்குத்தானே இத்தனை காலம் எல்லோரும் பாடுபட்டார்கள்? வேண்டுமென்றே அதை ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் குறைத்தால்? புலம் மாறினால் அலைவரிசை மாறும். ஆக, எந்த அலைவரிசையில் சமிக்ஞை வருகிறது என்று பார்த்தாலே எந்த இடத்தில் இருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். குறை என்று கருதப்பட்டதே வழியாகிவிட்டது. அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதி வைத்தார்.

அவர் எடுத்த முதல் படம் கன நீருக்குள் வைத்த, சாதாரணத் தண்ணீர் நிரம்பிய இரண்டு மெல்லிய குழாய்கள். பார்ப்பதற்கு இரண்டு திட்டுகள், அவ்வளவுதான். 'நேச்சர்' இதழ் கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பியது. அவர் விடாமல் மல்லுக்கட்டிய பிறகு 1973 மார்ச்சில் வெளியிட்டது. அவர் பணியாற்றிய ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகமோ, இதற்குக் காப்புரிமை வாங்கச் செலவழிப்பது வீண் என்று கைவிட்டது. பின்னாளில் உலகெங்கும் பல நூறு கோடி டாலர் புரளப்போகும் தொழில், அன்றைக்கு அந்த அலுவலகக் கண்ணுக்குத் தெரியவில்லை.

பல கோணங்களில் கிடைக்கும் நிழல்களில் இருந்து உள்ளே இருக்கும் உருவத்தைக் கணக்கிட்டு எடுப்பதுதான் லாடர்பர் கையாண்ட வழி. சிடி ஸ்கேனின் அடிப்படையும் அதுதான். சரியாக அதே 1971-ல், இந்தக் கணக்கை எளிதாகவும் விரைவாகவும் போட்டு முடிக்கும் ஒரு முறையை ஜி.என்.ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் வெளியிட்டார்கள். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தியவர். கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைச் சொன்னவர். உலகெங்கும் உருவச் செயலாக்கப் பாடநூல்களில் இன்றும் அந்த முறை 'ராம்-லாக்' வடிகட்டி என்றே வழங்குகிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களையும் மனதில் வைத்து எழுதப்பட்ட அந்தக் கட்டுரை, சிடி ஸ்கேன் கணினிகளுக்குள் போய் உட்கார்ந்தது தனிக்கதை.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு வேறு திசையில் இருந்து வந்தார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். மாலை வகுப்புகளில் படித்து இயற்பியலாளர் ஆனவர். படிகங்களில் அணுக்களின் அடுக்கைப் பார்க்க முயன்றபோது அவருக்கும் இதே வழி தட்டுப்பட்டது. ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் ஆகும் நேரத்தை நொடியின் சிறு பங்காகச் சுருக்கும் வழியை 1977-ல் சொன்னார். இதயம் துடிப்பதைப் படம் பிடிக்க முடிவது அதனால்தான். 1978-ல் தன் குழு செய்த கருவிக்குள் தானே முதல் ஆளாக நுழைந்து வயிற்றைப் படம் எடுக்கக் கொடுத்தார். காந்தப் புலம் சடாரென்று மாறினால் இதயம் நின்றுபோகலாம் என்று அப்போது சிலர் எச்சரித்திருந்தார்கள்.

டமேடியனும் சும்மா இருக்கவில்லை. தன் கையாலேயே ஒரு கருவியைக் கட்டி, அதற்கு 'அடக்கமுடியாதது' என்று பொருள்படும் பெயரும் சூட்டினார். 1977 ஜூலை 3-ம் தேதி, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஒரு மனிதரின் மார்பைப் படம் எடுத்தார்கள். முதலில் டமேடியன்தான் உள்ளே போனார்; உடம்பு பருமனாக இருந்ததால் சமிக்ஞை கிடைக்கவில்லை; ஒல்லியான மாணவர் ஒருவரை உட்கார வைத்த பிறகே கிடைத்தது. புள்ளி புள்ளியாகத் துழாவும் அவருடைய முறை பின்னர் வழக்கொழிந்தது. மருத்துவர்கள் நம்பிப் பயன்படுத்தத்தக்க படம் 1980-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் குழுவிடம் இருந்து வந்தது.

2003-ம் ஆண்டு மருத்துவ நோபல் லாடர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் போனது. மூன்று பேர் வரை பகிரலாம். மூன்றாவது இடம் காலியாகவே விடப்பட்டது. டமேடியன் கொதித்துப்போனார். அமெரிக்காவின் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து நியாயம் கேட்டார். நோபல் வரலாற்றில் இப்படி ஒரு சண்டை அபூர்வம். யார் பக்கம் நியாயம்? படம் எடுக்கும் வழி லாடர்பருடையது என்பதில் ஐயமில்லை. இன்றைய கருவிகள் அவர் காட்டிய பாதையில்தான் ஓடுகின்றன. ஆனால், டமேடியனின் எலிக்கட்டிச் சோதனை நடந்திராவிட்டால் லாடர்பர் அந்த மாலையில் அதைப் பற்றி யோசித்திருக்க வழியே இல்லை. காலியாக இருந்த இடத்தை அவருக்குக் கொடுத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விளம்பரத்துக்குச் செலவழித்த பணத்தால் அவருக்கும் லாபமில்லை. 2022-ல் அவர் மறையும்வரை மனக்குறை தீரவில்லை.

குண்டூரில் தெரிந்த மஞ்சள் கோடு

எம்ஆர்ஐயின் காந்தம் சாதாரணக் காந்தமல்ல. நியோபியம்-டைட்டானியம் கலவைக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, மைனஸ் 269 டிகிரியில் இருக்கும் திரவ ஹீலியத்தில் மூழ்க வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பியின் மின்தடை அடியோடு மறைந்துவிடும். ஒருமுறை ஏற்றிய மின்சாரம் ஆண்டுக்கணக்கில் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த அதிசயத்தை 1911-ல் பாதரசத்தில் கண்டவர் நெதர்லாந்தின் காமர்லிங் ஓனஸ். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கியவரும் அவரே. அந்த ஹீலியத்தின் கதையோ அன்றைய சென்னை மாகாணத்தில் தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ஜூல்ஸ் ஜான்சன் குண்டூருக்கு வந்திறங்கினார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் தொலைநோக்கியை நிறுத்தினார். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் ஒளியைப் பிரித்தபோது பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதே இடத்தில் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் இருந்து அதை ஆராய்ந்த நார்மன் லாக்யர், பூமியில் அறியப்படாத தனிமம் என்ற முடிவுக்கு வந்தார். பூமியில் அது கிடைக்க 1895 ஆயிற்று.

காந்தக் கம்பிக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. நியோபியம்-டைட்டானியம் கம்பியை டன் கணக்கில் செய்யும் திறன் தொழிற்சாலைகளுக்கு வந்தது, அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகம் தன் துகள் முடுக்கிக்காக வாங்கிக் குவித்ததால். 1980களில் எம்ஆர்ஐ கடைக்கு வந்தபோது கம்பி தயாராக இருந்தது.

இறந்த மீனின் 'சிந்தனை'

மூளை வேலை செய்வதைப் பார்க்கும் எம்ஆர்ஐயும் இப்படித்தான். ஆக்ஸிஜன் ஏற்றிய ரத்தமும் ஏற்றாத ரத்தமும் காந்தத்திடம் வெவ்வேறாக நடந்துகொள்ளும் என்று லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936-ல் கண்டு எழுதி வைத்தார்கள். 54 ஆண்டுகள் அது புத்தகத்தில் தூங்கியது. 1990-ல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகமான பெல் லேப்ஸில் செய்ஜி ஒகாவா அதை எழுப்பினார். மூளையின் எந்தப் பகுதி உழைக்கிறதோ அங்கே புது ரத்தம் பாய்கிறது. அந்த மாற்றத்தைப் படமாக்கலாம் என்று காட்டினார்.

அதன் பிறகு காதல், பக்தி, பொய் என்று எல்லாவற்றுக்கும் மூளையில் வண்ணப் புள்ளி வைக்கும் ஆய்வுகள் குவிந்தன. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், இறந்துபோன சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, உணர்ச்சி என்ன என்று 'கேட்டார்கள்'. புள்ளியியல் திருத்தம் செய்யாமல் விட்டதில் மீனின் மூளையிலும் செயல்பாடு தெரிந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதித்தால் சில தற்செயலாகவே மின்னும் என்பதைக் குத்திக்காட்டத்தான் அந்தச் சோதனை. வண்ணப் புள்ளி காட்டுவது ரத்த ஓட்டத்தை, எண்ணத்தை அல்ல. நாளிதழில் இத்தகைய செய்தி வரும்போது மீனை நினைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து எங்கே?

பிரான்சின் சாக்லே ஆய்வகத்தில் 132 டன் எடையுள்ள 11.7 டெஸ்லா காந்தத்தைக் கொண்டு எடுத்த மனித மூளைப் படங்கள் 2024 ஏப்ரலில் வெளிவந்தன. நான்கே நிமிடத்தில் 0.2 மில்லிமீட்டர் நுணுக்கம். மறுகோடியில், 0.064 டெஸ்லா காந்தத்தோடு நோயாளியின் கட்டிலருகே தள்ளிக்கொண்டு போகும் கருவிக்கு 2020-ல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. பழைய கருவிகள் ஆயிரம் லிட்டருக்கும் மேல் ஹீலியம் கேட்கும். இயற்கை எரிவாயுவோடு சேர்ந்து சில நாடுகளில் மட்டுமே கிடைப்பதால் அடிக்கடி தட்டுப்பாடு. சில லிட்டரோடு ஓடும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 11.7 டெஸ்லாவைவிட இவையே முக்கியம்.

இந்தக் காந்தத்தை இரவிலும் யாரும் அணைப்பதில்லை. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், உறவினருக்குத் துணையாக வந்த இளைஞர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் நுழைந்தபோது காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்து உயிரைப் பறித்தது. உடம்புக்குள் பேஸ்மேக்கர், பழைய உலோகத் துணுக்கு எதுவாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்கவில்லையே என்று இருந்துவிடக் கூடாது.

இந்தியாவில் ஓடும் எம்ஆர்ஐ கருவிகளில் மிகப் பெரும்பாலானவை இறக்குமதி. பெங்களூரின் வோக்செல்கிரிட்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே உருவாக்கிய 1.5 டெஸ்லா கருவி 2023-ல் அறிமுகமானது, நல்ல தொடக்கம். ஆனால் ராபியும் ஸ்டெர்னும் ஓனஸும் இன்று இங்கே ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தால், 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் நேர்மையாக எழுத அவர்களிடம் ஒரு வரியும் இருந்திருக்காது. அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாதவர்களுக்கும் ஒரு பங்கை எடுத்து வைக்கும் துணிச்சல் நிதி ஒதுக்குபவர்களுக்கு வேண்டும். எடுத்து வைக்க இருப்பதே சொற்பம் என்பது வேறு விஷயம்: 2020-21 அரசுக் கணக்கின்படி, ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென் கொரியா 4 சதவீதத்துக்கும் மேல் செலவிடுகிறது.